அந்நிய நேரடி முதலீடும் எரிசக்திச் சிக்கனமும்

ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டில் தொழிற்சாலை தொடங்குவதும், அங்கே ஏற்கெனவே இயங்கும் நிறுவனத்தில் பங்கு வாங்கி நிர்வாகத்தில் இடம்பெறுவதும் அந்நிய நேரடி முதலீடு எனப்படும். வாக்குரிமையுள்ள பங்குகளில் குறைந்தது 10 சதவீதமாவது முதலீட்டாளர் கையில் இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் புள்ளிவிவரங்களில் பின்பற்றப்படும் வரையறை. பங்குச்சந்தைக்கு வரும் பணம் சில நாட்களிலேயே வெளியேறிவிடலாம். நேரடி முதலீடு அப்படி எளிதில் வெளியேறாது. பணத்தோடு இயந்திரங்களும், ஆலை வடிவமைப்பும், பொறியாளர்களும், வேலை செய்யும் முறைகளும் சேர்ந்து வருகின்றன.

ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பின் கணக்குப்படி, 2023இல் உலகம் முழுவதும் நடந்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 1.3 லட்சம் கோடி டாலர். இதில் வளரும் நாடுகளுக்குச் சென்றது சுமார் 86,700 கோடி டாலர். இவ்வளவு பெரிய தொகையில் எழும்பும் ஆலைகள் பல ஆண்டுகளுக்கு எரிபொருளையும் மின்சாரத்தையும் உட்கொள்ளும். அவை சிக்கனமாக இயங்குமா, ஊதாரியாக இயங்குமா என்பது அந்த நாடுகளின் மின் கட்டணத்தையும், இறக்குமதிச் செலவையும், காற்றின் தரத்தையும் தீர்மானிக்கிறது.

எரிசக்தித் திறன் என்பது ஒரே வேலையைக் குறைந்த எரிசக்தியில் செய்து முடிப்பது. ஓர் ஆலையில் இதை அளப்பது எளிது. ஒரு டன் சிமென்ட்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், ஒரு டன் எஃகுக்கு எவ்வளவு நிலக்கரி என்று கணக்கிட்டால் போதும். ஒரு நாடு முழுவதற்கும் அளக்கும்போது எரிசக்திச் செறிவு என்ற அளவு பயன்படுகிறது. நாடு ஓராண்டில் பயன்படுத்திய மொத்த எரிசக்தியை அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்தால் இது கிடைக்கும். இந்த எண் குறைந்துகொண்டே வந்தால், ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் குறைவான எரிசக்தி செலவாகிறது என்று பொருள். 2023இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதமாக இருந்த இந்த முன்னேற்றத்தை 2030க்குள் 4 சதவீதத்துக்கு மேல் உயர்த்த நாடுகள் ஒப்புக்கொண்டன. புதிய ஆலைகளில் பெரும்பகுதி வளரும் நாடுகளில்தான் எழப்போகிறது என்பதால், அங்கே வரும் முதலீட்டின் தன்மையைப் பொறுத்தே இந்த இலக்கு கைகூடும்.

மூன்று விளைவுகள்

வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் பேசப்பட்ட காலத்தில், 1991இல், ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் வணிகம் சுற்றுச்சூழலைப் பாதிக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள். அளவு விளைவு, கட்டமைப்பு விளைவு, நுட்ப விளைவு என்ற அந்தப் பகுப்பு அந்நிய முதலீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

உற்பத்தி பெருகினால் எரிசக்தித் தேவையும் பெருகும் என்பது அளவு விளைவு. இதற்கு வியட்நாம் நல்ல எடுத்துக்காட்டு. 2009இல் பாக் நின் மாகாணத்தில் சாம்சங் கைபேசி ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு, மின்னணு நிறுவனங்கள் வரிசையாக அந்த நாட்டின் வட பகுதிக்கு வந்தன. ஏற்றுமதியோடு மின்தேவையும் ஏறியது. 2023 மே, ஜூன் மாதங்களில் கடும் வெயிலும் நீர்மின் அணைகளில் நீர்க்குறைவும் சேர்ந்தபோது, வட வியட்நாமில் தொழிற்பேட்டைகளுக்கே மின்வெட்டு வந்தது. அந்தத் தட்டுப்பாட்டால் சுமார் 140 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக உலக வங்கி மதிப்பிட்டது. ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே சிக்கனமாக இயங்கினாலும், ஆலைகளின் எண்ணிக்கை கூடும்போது நாட்டின் மொத்தத் தேவை உயரும்.

எந்தத் தொழில் வருகிறது என்பதைப் பொறுத்தது கட்டமைப்பு விளைவு. மென்பொருள் நிறுவனமும் அலுமினிய உருக்காலையும் ஒரே தொகையை முதலீடு செய்தாலும், அவை உட்கொள்ளும் மின்சாரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவுக்கு அருகில் 2000இல் உற்பத்தி தொடங்கிய மோசால் அலுமினிய ஆலை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நீண்ட உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த அந்த ஏழை நாட்டில், பன்னாட்டுச் சுரங்க நிறுவனமான பில்லிட்டன், ஜப்பானின் மிட்சுபிஷி, தென்னாப்பிரிக்க அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் ஆகியவை மொசாம்பிக் அரசோடு சேர்ந்து இதை நிறுவின. முதல் கட்டத்துக்கு மட்டும் ஏறக்குறைய 130 கோடி டாலர் செலவானது.

அலுமினியத்தை அதன் ஆக்சைடிலிருந்து பிரிக்க, உருகிய கலவையில் இடைவிடாமல் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஒரு டன் உலோகத்துக்குச் சுமார் 14,000 யூனிட் தேவை. மோசால் ஆலைக்கு இரவும் பகலும் 900 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டியிருந்தது. மொசாம்பிக்கின் மற்ற எல்லா வீடுகளும் தொழில்களும் சேர்ந்து பயன்படுத்தியதைவிட இது அதிகம். ஆலையின் தொழில்நுட்பம் அன்றைய நிலையில் தரமானது. ஒரு டன்னுக்கான மின்செலவில் அது உலகின் பல பழைய உருக்காலைகளைவிடச் சிறப்பாக இயங்கியது. ஆனாலும் அது வந்தபின் நாட்டின் பொருளாதாரம் மின்சாரத்தை மேலும் செறிவாகப் பயன்படுத்தும் ஒன்றாக மாறியது. ஓர் ஆலையின் எரிசக்தித் திறனும் ஒரு நாட்டின் எரிசக்திச் செறிவும் எதிரெதிர்த் திசையில் நகர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மூன்றாவது நுட்ப விளைவு. புதிய இயந்திரமும் புதிய நிர்வாக முறையும் வந்து, அதே பொருளைக் குறைந்த எரிசக்தியில் செய்ய வைப்பது இது. அந்நிய முதலீடு எரிசக்தியை மிச்சப்படுத்தும் என்று சொல்பவர்கள் இந்த விளைவு மற்ற இரண்டையும் விஞ்சிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஆலைக்குள் நடப்பது என்ன?

தொழிற்சாலைகள் பயன்படுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி மோட்டார்களில் செலவாகிறது. பம்ப், விசிறி, கம்ப்ரசர் எல்லாவற்றையும் சுழற்றுவது மோட்டார்தான். பழைய ஆலைகளில் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். தண்ணீர் குறைவாகத் தேவைப்பட்டால் குழாயிலுள்ள வால்வைப் பாதி மூடுவார்கள். மோட்டார் தள்ளுவதை வால்வு தடுப்பதால் மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தையே மாற்றும் டிரைவ் என்ற மின்னணுக் கருவி இதற்குத் தீர்வு. பம்ப், விசிறி போன்றவற்றில் தேவைப்படும் மின்திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், மின்திறன் ஏறக்குறைய 51 சதவீதமாகக் குறைகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் ஏறத்தாழ பாதி மின்சாரம் மிச்சமாகும்.

சிமென்ட் துறையில் வேறுபாடு இன்னும் பெரிது. மூலப்பொருளைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிச் சூளைக்குள் விடும் பழைய ஈர முறையில், ஒரு கிலோ கிளிங்கர் (சிமென்ட்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டி) செய்யச் சுமார் 1,300 கிலோகலோரி வெப்பம் வேண்டும். சூளையிலிருந்து வெளியேறும் சூடான காற்றைக் கொண்டே உலர்ந்த பொடியை முன்கூட்டிச் சூடாக்கும் நவீன உலர் முறையில் 700 முதல் 750 கிலோகலோரி போதும். குழம்பிலுள்ள தண்ணீரை ஆவியாக்க வீணாகும் வெப்பம் முழுவதும் இதில் மிச்சம்.

இயந்திரத்தை வாங்கிவிட்டாலே சிக்கனம் வந்துவிடாது. அழுத்தக் காற்றுக் குழாயில் 3 மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்று இருந்தாலே கம்ப்ரசர் ஏறத்தாழ 3 கிலோவாட் கூடுதலாக இழுக்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆலையில் அந்த ஒரு கசிவில் 25,000 யூனிட்டுக்கு மேல் போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரிவிலும் தனி மீட்டர், வாரந்தோறும் சோதனை, கசிவைக் குறித்து வைக்கும் பதிவேடு, சரிசெய்யப் பொறுப்பான ஆள் ஆகியவை தேவை. பன்னாட்டு நிறுவனங்கள் உலகெங்கும் உள்ள தம் ஆலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதால் இந்தக் கணக்கு வைக்கும் பழக்கம் அவற்றில் வேரூன்றியிருக்கிறது. முதலீட்டோடு வரும் மதிப்புமிக்க சரக்குகளில் இதுவும் ஒன்று.

எல்லா முதலீடும் இப்படிப் புதிய நுட்பத்தைக் கொண்டுவருவதில்லை. வெற்று நிலத்தில் ஆலை கட்டினால் புதிய இயந்திரம் வரும். ஏற்கெனவே உள்ள நிறுவனத்தை விலைக்கு வாங்கினால், உரிமையாளர் பெயர் மட்டும் மாறி, சூளையும் கொதிகலனும் பழையபடியே தொடரலாம். முதலீட்டுப் புள்ளிவிவரங்களில் இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் எண்ணப்படுகின்றன.

அக்கம்பக்கத்துக்குப் பரவுதல்

அந்நிய ஆலை தன் மதில் சுவருக்குள் மட்டும் சிக்கனமாக இயங்கினால் நாட்டுக்குக் கிடைக்கும் பலன் சிறிது. உள்நாட்டு நிறுவனங்களுக்கும் அந்த அறிவு பரவ வேண்டும். பரவல் மூன்று வழிகளில் நிகழ்கிறது. போட்டி நிறுவனங்கள் பார்த்துக் கற்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேறு ஆலைகளுக்கு மாறும்போது அறிவையும் எடுத்துச் செல்கிறார்கள். உதிரிபாகம் தரும் உள்நாட்டு நிறுவனங்களிடம் தரத்தையும் செலவுக் குறைப்பையும் அந்நிய ஆலை வற்புறுத்துகிறது.

உற்பத்தித்திறன் பற்றிய ஆய்வுகள் இந்த வழிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டியிருக்கின்றன. வெனிசுலா ஆலைகளைப் பற்றி பிரையன் எய்ட்கென், ஆன் ஹாரிசன் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிய ஆலைகளால் அதே தொழிலிலுள்ள உள்நாட்டுப் போட்டியாளர்களின் உற்பத்தித்திறன் குறைந்திருந்தது. சந்தை பறிபோய் உற்பத்தி சுருங்கியதே காரணம். பியாட்டா யாவோர்சிக் லித்துவேனியா பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிய ஆலைகளுக்குப் பொருள் தரும் தொழில்களில் உற்பத்தித்திறன் உயர்ந்திருந்தது. போட்டியாளரைவிட, பொருள் வழங்குபவரே அதிகம் கற்கிறார் என்பது இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம். எரிசக்திச் சிக்கனத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

இந்தப் பரவல் தானாக நிகழ்ந்துவிடாது. 1998இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியபோது, அதற்கு உதிரிபாகம் தரும் கொரிய நிறுவனங்கள் பலவும் கூடவே வந்து ஆலை அமைத்தன. உதிரிபாகச் சங்கிலியும் முதலீட்டாளரின் நாட்டிலிருந்தே வரும் இடங்களில், உள்நாட்டு நிறுவனங்கள் அந்தச் சங்கிலியில் நுழைவதற்குத் தனி முயற்சி தேவைப்படுகிறது.

ஆய்வுகள் சொல்வது

அந்நிய முதலீடு கூடினால் எரிசக்திச் செறிவு குறைகிறதா என்ற கேள்விக்குப் புள்ளிவிவர ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. பிரேசில் இயற்பியலாளர் ஜோசே கோல்டெம்பர்க், ஓட்டாவியோ மியெல்னிக்குடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு 20 வளரும் நாடுகளை எடுத்துக்கொண்டது. முதலீடு கூடக்கூட எரிசக்திச் செறிவு குறைந்ததை அவர்கள் கண்டார்கள். வளரும் நாடுகள் பழைய தொழில்நுட்பப் படிகளைத் தாண்டி நேரே நவீன நுட்பத்துக்கு வருவதே காரணம் என்று விளக்கினார்கள்.

குன்னார் எஸ்கிலாண்ட், ஆன் ஹாரிசன் இருவரும் 2003இல் நாட்டளவுக் கணக்கை விட்டு ஆலையளவுக் கணக்கைப் பார்த்தார்கள். அந்நியருக்குச் சொந்தமான ஆலைகள் உள்நாட்டு ஆலைகளைவிடக் குறைந்த எரிசக்தியையும் தூய்மையான எரிபொருளையும் பயன்படுத்துவதாக அவர்களின் ஆய்வு காட்டியது. கடுமையான சட்டங்களுக்கு அஞ்சி மாசுபடுத்தும் ஆலைகள் வளரும் நாடுகளுக்கு ஓடிவருகின்றன என்ற கருத்துக்கு அவர்களுக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

மிகேல் ஹியூப்லர், ஆண்ட்ரியாஸ் கெல்லர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு மாறுபட்ட முடிவுக்கு வந்தது. 60 வளரும் நாடுகளின் 1975 முதல் 2004 வரையான தரவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். எளிய கணக்கில் முதலீட்டுக்கும் சிக்கனத்துக்கும் தொடர்பு இருப்பதுபோலத் தெரிந்தது. நாடுகளுக்கு இடையிலான மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் சேர்த்தபோது அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. வெளிநாட்டு வளர்ச்சி உதவிக்கும் எரிசக்தித் திறனுக்கும் தொடர்பு இருப்பதற்கான அறிகுறி தென்பட்டது.

இந்த முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், மூன்று விளைவுகளை மனதில் வைத்துப் பார்த்தால் ஒன்றாகப் பொருந்துகின்றன. ஆலைக்குள் நுட்ப விளைவு உண்மையானது. நாட்டளவில் பார்க்கும்போது கட்டமைப்பு விளைவு அதை மறைத்துவிடக்கூடும். மொத்தத் தேவையைப் பார்த்தால் அளவு விளைவும் சேர்ந்துகொள்கிறது.

மலிவான மின்சாரம், தளர்வான விதி

புதிய நுட்பத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் அதை எல்லா நாட்டிலும் பயன்படுத்துவதில்லை. அறைக் குளிர்சாதனப் பெட்டிகள் இதற்கு உதாரணம். ஆப்பிரிக்காவின் பெரிய சந்தைகளைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே விற்கப்பட்ட பெட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிகக் குறைந்த திறன் கொண்டவை என்று கண்டது. அவற்றில் பல, அந்நிய நிறுவனங்களின் பங்கேற்போடு உள்நாட்டிலேயே பொருத்தப்பட்டவை. அந்த நிறுவனங்களின் சொந்த நாடுகளில் அத்தகைய பெட்டிகளை விற்கச் சட்டம் இடம் தராது. இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் 2010இல் அறைக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நட்சத்திரக் குறியீட்டைக் கட்டாயமாக்கி, அளவுகோலைப் படிப்படியாகக் கடுமையாக்கியது. அதன் பிறகு, இங்கே விற்கும் ஜப்பானிய, கொரிய நிறுவனங்களும் திறன்மிக்க இன்வெர்ட்டர் வகைகளுக்கு மாறின.

விலையின் பங்கு இன்னும் பெரிது. 10 கிலோவாட் மோட்டார் ஒன்று ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடி 60,000 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், டிரைவ் பொருத்தி அதில் 30 சதவீதத்தை, அதாவது 18,000 யூனிட்டை, மிச்சப்படுத்தலாம். டிரைவின் விலை ஒரு லட்சம் ரூபாய் என்போம். யூனிட் 8 ரூபாயாக இருந்தால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் மிச்சமாகி, போட்ட பணம் ஒன்பது மாதத்துக்குள் திரும்பிவிடும். அரசு மானியத்தால் யூனிட் 2 ரூபாய்க்குக் கிடைத்தால் மிச்சம் 36,000 ரூபாய்தான். பணம் திரும்ப இரண்டே முக்கால் ஆண்டுக்கு மேல் ஆகும். முதல் நாட்டில் மேலாளர் உடனே கையெழுத்திடுவார். இரண்டாம் நாட்டில் அதே நிறுவனத்தின் மேலாளர் கோப்பை ஒத்திப்போடுவார். முதலீட்டை ஈர்ப்பதற்காக மின்சாரத்தை அடிமாட்டு விலைக்குத் தரும் அரசு, அந்த முதலீட்டிலிருந்து வரக்கூடிய சிக்கனத்தைத் தானே தடுத்துவிடுகிறது.

சீனாவும் இந்தியாவும் காட்டிய வழி

சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் உள்ள நிங்குவோ சிமென்ட் ஆலையின் கதை கவனிக்கத்தக்கது. சூளையிலிருந்தும் கிளிங்கரைக் குளிர்விக்கும் பகுதியிலிருந்தும் வெளியேறும் காற்று 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கும். அந்த வெப்பத்தில் நீராவி உண்டாக்கி டர்பைனைச் சுழற்றினால், ஆலைக்குத் தேவையான மின்சாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கும். ஜப்பான் அரசு நிறுவனத்தின் உதவியோடு, கவாசாகி நிறுவனத்தின் நுட்பத்தில் 1998இல் நிங்குவோவில் அத்தகைய அமைப்பு நிறுவப்பட்டது. உதவித் திட்டமாகத் தொடங்கிய உறவு அத்தோடு நிற்கவில்லை. ஆலையின் உரிமையாளரான கோன்ச் குழுமமும் கவாசாகியும் 2006இல் கூட்டு நிறுவனம் தொடங்கி, இந்த அமைப்பை மற்ற ஆலைகளுக்கு வடிவமைத்துத் தந்தன.

அதே 2006இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தில், எரிசக்திச் செறிவை 20 சதவீதம் குறைக்கும் இலக்கைச் சீன அரசு வகுத்தது. எரிசக்தியை மிக அதிகமாக உட்கொள்ளும் சுமார் ஆயிரம் நிறுவனங்களுக்குத் தனித்தனி இலக்குகள் தரப்பட்டன. திட்ட முடிவில் சுமார் 19 சதவீதம் குறைந்தது. உதவியில் தொடங்கிய நுட்பம் கூட்டு முதலீட்டில் வேரூன்றி, அரசின் கட்டாயத்தால் நாடெங்கும் பரவியது. மூன்றில் எது இல்லாமல் போயிருந்தாலும் பலன் சுருங்கியிருக்கும்.

இந்தியச் சிமென்ட் துறையின் பாதை வேறு. 1960களில் இங்கே பெரும்பாலான சூளைகள் ஈர முறையில் இயங்கின. 1982இல் விலைக் கட்டுப்பாடு ஓரளவும் 1989இல் முழுமையாகவும் நீங்கியதும், போட்டியும் எரிபொருள் செலவும் நிறுவனங்களை உலர் முறைக்குத் தள்ளின. டென்மார்க், ஜெர்மனி நிறுவனங்களின் தொழில்நுட்பத்தை விலை கொடுத்து வாங்கிப் புதிய ஆலைகள் கட்டினார்கள். ஏசிசி, அம்புஜா ஆகிய பெரிய நிறுவனங்களில் சுவிட்சர்லாந்தின் ஹோல்சிம் 2005, 2006 ஆண்டுகளில் முதலீடு செய்தபோது, உலர் முறைக்கு மாறும் வேலை பெருமளவு முடிந்திருந்தது. 2012இல் தொடங்கிய ‘செயல்படு, சாதி, வர்த்தகம் செய்’ என்ற அரசுத் திட்டம் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 பெரிய ஆலைகளுக்கு எரிசக்தி இலக்கு வைத்து, இலக்கை மிஞ்சியவர்கள் மிச்சத்தைச் சான்றிதழாக விற்க வழிசெய்தது. அந்நிய முதலீடு நுட்பம் வரும் வழிகளில் ஒன்று. இயந்திர இறக்குமதியும் உரிமம் வாங்குவதும் அதற்கு இணையான வழிகள் என்பதை இந்த வரலாறு நிறுவுகிறது.

அரசுகள் செய்யக்கூடியவை

வந்த நுட்பத்தை உள்வாங்கும் ஆற்றல் உள்நாட்டில் இருக்க வேண்டும். எட்வர்டோ போரன்ஸ்டீனும் இரு சக ஆய்வாளர்களும் 69 வளரும் நாடுகளைப் பற்றி 1998இல் வெளியிட்ட ஆய்வு, மக்களின் கல்வி குறிப்பிட்ட நிலையை எட்டிய நாடுகளில்தான் அந்நிய முதலீடு உள்நாட்டு முதலீட்டைவிட அதிக உற்பத்தித்திறனைத் தருகிறது என்று காட்டியது. எரிசக்தித் தணிக்கை செய்யத் தெரிந்த பொறியாளரும், டிரைவைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஐடிஐ மாணவரும் இல்லாத ஊரில், பழுதான கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை நேரடியாக ஓட்டுவார்கள்.

உள்நாட்டு உதிரிபாகங்களை இவ்வளவு வாங்கியே ஆகவேண்டும் என்று முதலீட்டாளரைக் கட்டாயப்படுத்துவதை, 1995 முதல் நடப்பில் உள்ள உலக வணிக அமைப்பின் முதலீட்டு ஒப்பந்தம் தடுக்கிறது. ஆகவே அரசுகளுக்கு எஞ்சியிருப்பவை எல்லோருக்கும் பொதுவான கருவிகள்: இயந்திரங்களுக்குக் குறைந்தபட்சத் திறன் அளவுகோல், உண்மைச் செலவைக் காட்டும் மின் கட்டணம், பழைய இயந்திர இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, உதிரிபாக நிறுவனங்களுக்குப் பயிற்சியும் கடனுதவியும், பெரிய ஆலைகளுக்குக் கட்டாய எரிசக்தித் தணிக்கை. வரிச்சலுகை தரும்போது முதலீட்டுத் தொகையை மட்டும் பார்க்காமல், ஒரு டன் உற்பத்திக்கான எரிசக்திச் செலவையும் நிபந்தனையில் சேர்க்கலாம்.

வெளியிலிருந்தும் அழுத்தம் வந்துவிட்டது. சிமென்ட், இரும்பு, எஃகு, அலுமினியம், உரம் போன்றவற்றை இறக்குமதி செய்யும்போது, உற்பத்தியில் வெளியான கார்பனுக்குக் கட்டணம் வசூலிக்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கிறது. 2023 அக்டோபரில் தகவல் திரட்டும் கட்டமாகத் தொடங்கிய அது, 2026 ஜனவரியிலிருந்து கட்டணக் கட்டத்துக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஊதாரி ஆலையை அமைப்பது இனி முதலீட்டாளருக்கே நஷ்டம்.

அந்நிய நேரடி முதலீடு எரிசக்தியை மிச்சப்படுத்தும் நுட்பத்தை ஒரு நாட்டின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. அதை உள்ளே எடுத்துப் பயன்படுத்துவது அந்த நாட்டின் மின் கட்டணத்தையும், தர விதிகளையும், தொழிலாளர் பயிற்சியையும் பொறுத்தது. இவை மூன்றையும் சரிசெய்யாமல் முதலீட்டுத் தொகையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் நாட்டுக்கு ஆலைகள் கிடைக்கும், சிக்கனம் கிடைக்காது.